சாயங்கால விலைக்குக் காத்திருந்தவர்

மண்டிக்காரர் எழுந்தார். பல் தேய்த்தார். குளித்தார். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டார். மனைவி அதை எடுத்து லாட்ஜ் ஜன்னலில் காயப்போட்டாள். இருவரும் ரொட்டி தின்றார்கள்.

ஊரில் அவருக்குக் காய்கறி மண்டி. கல்யாணத்துக்குப் பிறகு முதல் வெளிநாட்டுப் பயணம் இது. இன்று கடைசி நாள். அவளுக்கு ஓர் ஆசைதான் பாக்கி. கம்பியில் தொங்கியபடி மலையேறும் நாற்காலியில் போக வேண்டும். அங்கே கார்டு செல்லாது, அந்த நாட்டு நோட்டுத்தான். இவர்களிடம் இருந்ததெல்லாம் சொந்த ஊர் நோட்டு.

மலையடியில் பணம் மாற்றும் கடை திறந்திருந்தது.

"ஏங்க, மாத்திட்டுப் போயிடலாம்."

"காலைல சொல்றது வாய்க்கு வந்த விலைம்மா. கடை மூடுற நேரம் பாரு, தன்னால வழிக்கு வருவாங்க."

"அது தக்காளிக்குங்க."

"யாவாரம்னா எல்லாம் ஒண்ணுதான்."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். அவளுக்கும் இவருக்கும் பொது மொழி கால்குலேட்டர் மட்டுமே. இவர் ஓர் எண்ணைத் தட்டினார். அவள் அழித்துவிட்டு விலைப் பலகையில் இருந்ததையே தட்டினாள். மண்டி வழக்கப்படி, துணிக்கடியில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேச, கைக்குட்டையை உள்ளே நீட்டினார். அவள் அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நன்றியோடு திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்து, கோபித்துக்கொண்டு கிளம்புவது போல் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. தெருமுனை வரை போனார். அப்போதும் கூப்பிடவில்லை. தானாகவே திரும்பி வந்தார்.

"நல்லா வழிக்கு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி லாட்ஜுக்குப் போனாள். அவர் எதிர்த் திண்டில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெண் மனம் மாறுகிறாளா என்று வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பையை மாட்டியதும் பாய்ந்து போய் மொத்தப் பணத்தையும் நீட்டினார். அவள் கைக்கடிகாரத்தைக் காட்டி ஷட்டரை இறக்கினாள். முகத்தில் துளி பதற்றமில்லை. உள்ளே இருக்கும் சரக்கு விடிவதற்குள் அழுகாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாற்காலி ஏறும் இடத்துக்கு ஓடினார். மனைவி டிக்கெட்டோடு வரிசையில் நின்றிருந்தாள்.

"ஏது பணம்?"

"என் சிறுவாட்டுக் காசு. லாட்ஜ்லயே மாத்திட்டேன்."

"என்ன ரேட்டு குடுத்தான்?"

"அநியாய ரேட்டு. அதான் ஒரு டிக்கெட்தான் வந்துச்சு."

நாற்காலி வந்தது. உட்கார்ந்தாள். தொங்கும் காலிலிருந்து நழுவிவிடும் என்று செருப்பைக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

ஊர் திரும்பிய பிறகு மண்டியில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "நீங்க இல்லாம போகமாட்டேன்னு ஒரே அழுகை" என்பார். அவள் அழவே இல்லை. மேலே போய்க்கொண்டே அவள் கடைசியாக நிஜத்தில் சொன்னது இதுதான்:

"புதுச் செருப்புங்க அது! யாராச்சும் கேட்டா, கேட்ட விலைக்குக் குடுத்துட்டு அடுத்த நாற்காலியில ஏறி வாங்க!"