காகிதம் நகரும் தூரம்

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில், ஒரு கன்னத்தைத் தரையோடு அழுத்தி, குப்புறப் படுத்திருந்தான் எய்லிஃப். அவன் மூக்குக்கு முன்னால் ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகைகளின்மேல் நான் நின்றிருந்தேன். காலில் கம்பளிக் காலுறை மட்டும். அவன் கையில் ஒரு தாள். ஏதோ பழைய கணக்குத் தேர்வுத் தாள், பின்பக்கம் வெள்ளை. அதை என் பாதத்துக்கு நேர் கீழே, பலகைக்கு அடியில் நுழைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. எங்கள் மலையூர் ரோரோஸில் வியாழனன்று விழுந்த முதல் பனி போக மனமில்லாமல் கூரைகளில் தங்கியிருந்தது. உயரத்து ஜன்னல்கள் வழியாக இறங்கிய வெளிச்சம் பால் கலந்த தண்ணீரைப் போல இருந்தது. கூடத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள், ஆனால் என் நினைவில் அந்தக் காட்சிக்குச் சத்தமே இல்லை. வாஃபிள் அப்பம் வேகும் மணமும், தரையில் கிடக்கும் என் கணவனின் பாதி முகமும்தான் இருக்கின்றன.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எங்கள் ஊர்ச் சறுக்குச் சங்கம் இப்படிப் பலகைகளை மாற்றிக்கொள்ளும் நாளை நடத்துகிறது. சிறியதாகிப்போனதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பொருந்துவதை எடுத்துப் போகலாம். இருபது வருடங்களாகத் தாளோடு தரையில் படுக்கும் வேலை எய்லிஃபுடையது. பலகை நடுவில் வில்லைப் போல மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் அந்த வளைவுக்கு அடியில் தாள் தாராளமாக நகர வேண்டும். ஒரே காலில் முழு எடையையும் போட்டால் தாள் சிக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நடுவில் பூசிய மெழுகு, ஊன்றும்போது பனியைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கும்போது விட்டுவிடும். எல்லாம் ஆளின் எடையைப் பொறுத்தது.

வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஹல்டோருக்கு ஒரு காது கேட்காது. அதனால் ஊருக்கே கேட்கும்படிப் பேசுவார்.

"குன்வோர்! எடை எவ்வளவு?"

நாற்பத்தாறு வயதில் முதல் ஜோடி வாங்க வந்தவள் நான். மழையைத் தவிர வேறெதுவும் விழாத மேற்குக் கரைத் தீவில் பிறந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் எய்லிஃபைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். முதல் குளிர்காலத்தில், அவன் பலகையில் போக, அவனுக்குப் பக்கத்திலேயே, இழுத்துச் சீராக்கிய சறுக்குத் தடத்தில் பூட்ஸ் காலோடு நடந்து போனேன். நான் நடந்த நீளத்துக்குத் தடம் முழுக்கக் குழி. மறுநாள் காலை பக்கத்து வீட்டு தூர்டிஸ் கதவைத் தட்டி, "ஏன்டி, சர்ச்சுக்குள்ள மாட்ட ஓட்டிட்டு வந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பாங்கடி" என்றாள். அதன் பிறகு ஊருக்குள் நான் 'குழி போட்டவள்'. இப்போது அதே தூர்டிஸ் வாஃபிள் கல்லுக்குப் பின்னால் கரண்டியோடு நின்று, என் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்திரண்டு" என்றேன்.

உண்மையில் எழுபத்து நான்கு.

ஹல்டோர் ஓர் அட்டையில் பென்சிலால் என் பெயரையும் 62 என்பதையும் எழுதி, அதற்கேற்ற ஒரு ஜோடியை அனுப்பினார். அதன்மேல்தான் நின்றிருந்தேன். எய்லிஃப் தாளை இழுத்தான். அது நகரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். தேர்வுத் தாளின் ஓரம் கிழிந்தது. தரையிலிருந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தான். முட்டியிலிருந்து முகம் வரைக்கும், ஒரு மலையைக் கீழிருந்து பார்ப்பதுபோல, அவசரமில்லாமல். என் காது சுடுவது எனக்கே தெரிந்தது.

"ஹல்டோர்! இது தளந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்கறத அனுப்புங்க."

"அறுபத்திரண்டு கிலோவுக்கு அது சரியாத்தானய்யா இருக்கும்?"

"நான்தான சொல்றேன், அனுப்புங்க."

என் அட்டை கட்டப்பட்டு, கரும்பச்சை நிறத்தில் வேறொரு ஜோடி வந்தது. ஏறி நின்றேன். தாள் என் குதிகாலிலிருந்து கட்டைவிரலைத் தாண்டி இரண்டு சாண் தூரம் தடையில்லாமல் போய் நின்றது. போன இடத்திலும் வந்த இடத்திலும் பலகையின் விளிம்பில் பென்சிலால் சின்னக் கோடு போட்டான். மெழுகு இங்கிருந்து இதுவரை. பிறகு என் காலுறையின் பெருவிரலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தான். அவன் கன்னத்தில் தரைப்பலகையின் இடுக்கு கோடாகப் பதிந்திருந்தது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: "உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"கடக்கரைக்காரி, மார்ச்சுல உறைஞ்ச ஏரியத் தாண்டி அந்தக் கரைக்குப் போறோம். நடந்தில்ல." அவ்வளவுதான். சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை அவன் ரயில் பாதை வேலைக்குப் போனான். ஒரு சின்ன நிலையத்தின் பெஞ்சில் தெர்மாஸை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தானாம். காப்பி குடிக்கிறான் என்றுதான் கூட இருந்தவர் நினைத்தார். நான் வேலை பார்த்த மருந்துக் கடையில் ஒரு கிழவருக்கு மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் போட்டு முடித்தபோது தொலைபேசி அடித்தது. இதயம். வேறெதுவும் சொல்வதற்கில்லை.

அடக்கத்துக்குப் பிறகு காப்பி மேசையில் ஆளாளுக்கு எழுந்து ஒரு வார்த்தை பேசினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அழகாகப் பேசத் தெரியாதவர்கள். ஹல்டோர் எழுந்து, தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே, "எய்லிஃப் எடுத்துக்குடுத்த ஸ்கீ தப்புன்னு யாரும் திரும்பி வந்ததில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதைவிடப் பெரிய வார்த்தையை அந்த அறையில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தை நான் வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. அது என் வழியாகப் போனது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில் வீட்டுச் சுவர்கள் வெடிப்பதுபோலச் சத்தமிடும். சமையலறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ரொட்டியை வெட்டுவேன், வெட்டியதைப் பார்ப்பேன், மூடி வைப்பேன். பாவாடை இடுப்பிலிருந்து இறங்கியபோது ஊக்கு குத்திக்கொண்டேன். அவ்வளவுதான் தோன்றியது. பிப்ரவரியில் ஒருநாள் மதியம் வெளிச்சம் மேசையின் விளிம்பைத் தாண்டி என் கைமேல் ஏறியது. அதில் ஏதோ ஒரு கட்டளை இருப்பதுபோலப் பட்டது. கொட்டகைக்குப் போய்ப் பச்சைப் பலகைகளை எடுத்தேன். அவன் போட்ட கோடுகளுக்கு நடுவில், அவன் டப்பாவிலிருந்த நீல மெழுகைத் தேய்த்தேன்.

சமதரையில் எப்படியோ போனேன். காலுக்குக் கீழே உலகம் மெல்ல வழுக்கிக்கொண்டு போனது, நான் நின்ற இடத்திலேயே நிற்க மரங்கள் மட்டும் விலகிப் போவதுபோல. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஏற்றத்தில்தான் தெரிந்தது. ஒரு காலை ஊன்றுவேன், பலகை பின்னால் போகும். மறு காலை ஊன்றுவேன், அதுவும் போகும். கனவில் ஓடுகிறோமே, கால் முழு வேகத்தில் போகும், இடம் மட்டும் நகராதே, அதுபோல. அரை மணி நேரம் முயன்றேன். தடத்தில் வந்தவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டு, ஒதுங்கி, என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் பார்வை என் முகத்தில் இல்லை, பலகையில் இருந்தது. ஐந்து நாள் தொடர்ந்து போனேன். ஐந்து நாளும் அதேதான்.

சனிக்கிழமை தூர்டிஸ் வந்தாள். மீன் சூப்புப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"ஊர்ல பேசிக்கிறாங்கடி. நீ வேற யாராச்சும் சொல்லிக் கேக்குறதுக்குப் பதிலா நானே சொல்லிடறேன்."

"என்ன பேசிக்கிறாங்க?"

"உன் ஸ்கீ உனக்கு ஒத்தே வராதாம். எய்லிஃப் தப்பா எடுத்துட்டானாம். அவன் தப்பா எடுக்கற ஆளா? அப்போ அன்னைக்கே அவனுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்கறாங்க. கண்ணு மங்கியிருக்கும், தலை சுத்தியிருக்கும். யாராச்சும் அப்பவே கவனிச்சிருந்தா..." நிறுத்திக்கொண்டாள். "பரிதாபப்பட்டுத்தான்டி சொல்றாங்க."

சூப்பு கொதித்துப் பாத்திரத்தின் மூடி தடதடத்தது. எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. இப்போது அதையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். வாஃபிள் மணத்தையும், கீழேயிருந்து என்னைப் பார்த்த கண்ணையும், சாலையைப் பார்த்த சிரிப்பையும் எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு நோயாளியைப் படுக்க வைத்துவிடுவார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால், ஊர் நினைவில் அவன் கடைசியாகச் செய்த காரியம் ஒரு தவறாக நின்றுவிடும். திறந்தால் ஒரு பொம்பளையின் சின்னப் பொய்தான் வெளியே வரும். சின்னதுதான். ஆனால் அந்தப் பொய்யைத் தெரிந்துகொண்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்தது அவன் மட்டும். அதை உடைத்தால் அவனிடம் எனக்கு மட்டும் சொந்தமாயிருந்த ஒன்று போய்விடும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கோட்டைக் கழட்டாத. வா" என்றேன்.

சங்கத்தின் மெழுகு அறை தடம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் காப்பியோடு அங்கேதான் இருப்பார்கள். நான் பலகைகளோடு நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. ஹல்டோர் பலகையை வாங்கித் தரையில் வைத்தார். அவருக்கு முட்டி மடங்காது. ஆகவே தாளை எடுத்துக்கொண்டு தூர்டிஸ் படுத்தாள், முனகிக்கொண்டே, பாதி அறையை அடைத்துக்கொண்டு.

"ஒரு கால்ல நில்லும்மா" என்றார் ஹல்டோர்.

நின்றேன். தாள் என் பாதத்துக்கடியில் காற்றில் போவதுபோலப் போய்வந்தது.

"அம்மாடி, இதுக்கடியில பூனையே போகலாம்" என்றாள் தூர்டிஸ்.

யாரும் சிரிக்கவில்லை. பலகையில் கட்டியிருந்த அட்டையை ஹல்டோர் புரட்டினார். 62. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார், முதல்முறையாக மெதுவான குரலில். "பாவம் எய்லிஃப்."

"எழுபத்தி நாலு" என்றேன்.

"என்னது?" காதை என் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு என் எடை எழுபத்தி நாலு! நான் பொய் சொன்னேன்! அவன் படுத்துப் பாத்தான், கண்டுபிடிச்சான், காட்டிக்குடுக்கல. ஸ்கீ தளந்துபோச்சுன்னு சொல்லி வேற வாங்கிக் குடுத்தான். அவனுக்கு ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் இருந்தான்!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. காப்பிக் கோப்பைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. ஹல்டோர் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, 62-ஐ அடித்து, 74 என்று எழுதினார். பலகையின் விளிம்பில் இருந்த பென்சில் கோட்டைக் கட்டைவிரலால், அழிந்துவிடாமல், தொட்டுப் பார்த்தார்.

"எழுபத்தி நாலுக்கு இது சரி" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "துல்லியமா சரி."

"இப்ப எவ்வளவு?" என்று ஹல்டோர் கேட்டார். எனக்குத் தெரியாது. மூலையிலிருந்த எடைப் பொறியின்மேல் என்னை ஏற்றினார்கள். முள் ஆடி ஆடி நின்றது. தரையிலிருந்து எழ முடியாமல் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த தூர்டிஸ் எட்டிப் பார்த்தாள்.

"அறுபத்திரண்டு! அடிப்பாவி, சொன்ன பொய்யக் காப்பாத்திட்டியேடி!"

அப்போதுதான் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் முதலில். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன், எப்போது அது வேறொன்றாக மாறியது என்று தெரியவில்லை. தூர்டிஸின் பெரிய கம்பளிச் சட்டைக்குள் என் முகம் இருந்தது. அதில் மீன் வாடையும் தார் வாடையும் அடித்தன.

பச்சை ஜோடியை என்ன செய்வது என்று கேட்டேன். "வச்சிரு. எடை திரும்பி வரும்" என்றார் ஹல்டோர். வராவிட்டால்? அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். அதுவரைக்கும் எடுத்துப் போ என்று இரவல் அலமாரியைக் காட்டினார். மூன்று ஜோடிகளின்மேல் மாறி மாறி ஏறி நின்றேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டேன். முதல் ஜோடி என்னைத் தூக்கியே வைத்திருந்தது. இரண்டாவது உடனே சரிந்தது. மூன்றாவதில் ஒரு காலுக்கு மாறியபோது, அடியிலிருந்த வில் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. உறங்குபவன் மூச்சை விடுவதுபோல. "சிக்கிடுச்சு" என்று தூர்டிஸ் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நீல நிறம், யாரோ ஒரு பெண் தன் பெயரை ஆணியால் கீறியிருந்தாள்.

மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு, உறைந்த ஏரியின் இந்தக் கரையில் மூன்று முறை விழுந்து எழுந்து, அதன்மேல் இறங்கினேன். காற்றில்லை. வானமும் பனியும் ஒரே வெள்ளையாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஊன்றினால் பிடித்தது. விட்டால் வழுக்கியது. பிடித்தது, வழுக்கியது. அந்த ஒலி எனக்கு முன்னால் போவதாகவும், நான் அதன் பின்னால் போவதாகவும் சிலநேரம் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது கரை தெரியவில்லை. முன்னாலும் தெரியவில்லை. ஏரியின் நடுவாகத்தான் இருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தேன். நீல நிறத்தின் நடுவில், நான் நின்றிருந்த இடத்துக்கு அருகில், சின்னதாக ஓர் எண் அச்சாகியிருந்தது. கடல்மட்டத்திலிருந்து 664 மீட்டர். அவன் சொன்னபடியே, நடக்காமல் அங்கே வந்திருந்தாள் கடக்கரைக்காரி.