தராசு முள் அசையாத பிள்ளை

மல்லசமுத்திரத்து அங்கன்வாடியின் தொங்குதராசில் லிப்ஸா என்ற மூன்றரை வயதுக் குழந்தையை உட்கார வைத்தபோது முள் அசையவில்லை. குழந்தை கொழுகொழுவென்றுதான் இருந்தாள், காலைக்கூட ஆட்டினாள். முள் மட்டும் பூஜ்யத்தில் நின்றது. அது ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, வெண்டைக்காய் கிலோ நாற்பது.

அவள் அம்மா மினதி ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம். கோழிப்பண்ணையில் முட்டையை அட்டையில் அடுக்கும் வேலை. பிள்ளையை விட இடமில்லாமல் தகரக்கூரை போட்ட முட்டைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் கதவைத் திறந்தபோது பிள்ளை புழுக்கத்தில் மயங்கிக் கிடந்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தாள். லட்சம் முட்டைக்கு நடுவே கிடந்த பிள்ளைக்கு அங்கன்வாடியில் ஒரு முட்டை தரவேண்டுமானால் பெயர் பதியவேண்டும். பெயர் பதிய எடை வேண்டும்.

கமலவேணி டீச்சருக்குப் பொறுமை ஆழாக்கு அளவுதான். தராசு பழுதென்று அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார், சரியாகவே காட்டியது. குழந்தையோடு சேலத்துக்குப் பஸ் ஏறி, செவ்வாய்ப்பேட்டையில் பக்ருதீன் பாயின் மிளகாய் மண்டித் தராசில் நிறுத்தினார். பாய் முள்ளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"தராசுல குத்தமில்லம்மா. புள்ளைய எந்த ஊரு கணக்குல வச்சிருக்காங்கன்னு பாருங்க" என்று பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.

டீச்சர் செய்த தப்பு ஒன்றுதான், உள்ளதை உள்ளபடி 'எடை பூஜ்யம்' என்று எழுதித் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். எடையில்லாத குழந்தை இறந்த குழந்தை, விண்ணப்பத்தை நீக்கவும் என்று பதில் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனார். அங்கே எழுத்தர் அறிவழகன், எடையில்லாமல் பெயர் ஏறாது என்றார்.

"பேரு ஏறாம எடை ஏறமாட்டேங்குதுங்க சார்!"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். டீச்சர் லிப்ஸாவைத் தூக்கி அவர் மேசையில் கிடந்த கோப்பின் மேலேயே உட்கார வைத்தார். மின்விசிறிக் காற்றில் அவளுக்கு அடியில் தாள்கள் படபடவென்று அடித்தன. அறிவழகன் நிமிர்ந்து பார்த்தார்.

"பேப்பர்வெயிட்ட எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

ஐந்தாவது முறை போய்த் திரும்பிய அன்று டீச்சர் பெரிய பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். உதவியாளர் அங்கம்மாள் பதறினார்.

"ஏனுங் டீச்சர், வேலைக்கே ஒலை வெச்சுருவாங்க."

"வெக்கட்டும். இந்தப் புள்ளய மறுபடி கெடங்குல பூட்டச் சொல்றியா?"

லிப்ஸா தராசில் உட்கார்ந்திருக்கும்போதே டீச்சர் எடைக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பெயர் எழுதினார். முள் அசையவில்லை. தாய் பெயர் எழுதினார். அசையவில்லை. ஊர் என்ற கட்டத்தில் மல்லசமுத்திரம் என்று எழுதி முடித்ததும் தராசு தடாலென்று இறங்கியது. பதின்மூன்று கிலோ இருநூறு கிராம். அங்கம்மாள் முட்டையை உரிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் வந்த மினதி வழக்கம்போல ஒரு கையால் பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, இடுப்பைச் சாய்த்து நின்று, "கனம், டீச்சர், கனம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அதன்பிறகு வந்த குடும்பங்களுக்கெல்லாம் டீச்சர் ஊரை எழுதிவிட்டுத்தான் எடை பார்க்கிறார். விளக்கம் கேட்டு அறிவழகனின் கடிதங்கள் மாதாமாதம் வருகின்றன. அவற்றை ஜன்னலோரம் அடுக்கி, மேலே லிப்ஸாவை உட்கார வைத்து முட்டை கொடுப்பார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் ஒரு தாள் அசைவதில்லை.