மான் கொம்பும் மேசை வேலையும்

பேப்பர் மில்லில் வெர்லின் டெஷ்ஷும் நானும் ஒரே ஷிப்ட். ராட்சத உருளைகளுக்கு பேரிங் மாற்றுவது எங்கள் வேலை. நரம்பு நோய் வந்தபின் ஒரு நாள் அவன் கால்கள் சொன்னபடி கேட்கும். மறுநாள் காபிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. விடிந்தால்தான் அவனுக்கே தெரியும். மில்லை விட்டு நின்றான்.

வருமானத்துக்கு இரண்டு வழி இருந்தது. மில் மூலமாக எடுத்திருந்த தனியார் ஊனக் காப்பீடு ஒன்று, இத்தனை வருடம் கட்டிய வரிக்காக அரசு தரும் ஊனத் தொகை இன்னொன்று. எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவன் மனைவி லோர்னாவின் சமையலறையில் உட்கார்ந்து இந்த இரண்டையும் அப்படித்தான் கழற்றினேன்.

"அரசாங்கம் கேக்கறது ஒரே கேள்வி, லோர்னா. நாட்டுல எந்த வேலையாவது இவனால செய்ய முடியுமா? முடியாதுன்னு நிரூபிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். குடுக்கறதும் கம்மி. ஆனா ஒத்துக்கிட்டா லேசுல நிறுத்தாது. இன்சூரன்ஸ் கம்பெனி வேற மாதிரி. இப்போதைக்கு, உன் சொந்த வேலைய செய்ய முடியுமான்னுதான் கேக்குது. பேரிங் மாத்த முடியாதுல்ல, அதனால உடனே குடுக்குது, நிறையவும் குடுக்குது. ரெண்டு வருஷம் போனா கேள்விய மாத்திடும்."

"என்னன்னு மாத்தும்?"

"அரசாங்கம் கேக்கற மாதிரியேதான். ஆனா இங்க தீர்ப்பு சொல்றது கம்பெனி ஆளு."

"இவன் பேசறத இன்னும் கொஞ்ச நேரம் கேட்டா எனக்கு ரெண்டாவது வியாதி வந்துரும்," என்றான் வெர்லின்.

அரசிடம் மனுப் போட கம்பெனியே தன் செலவில் வக்கீல் அனுப்பியது. நல்ல மனுஷங்க என்றாள் லோர்னா. அரசு தருகிற ஒவ்வொரு டாலரையும் கம்பெனி தன் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும், வக்கீல் செலவு அதற்குத்தான் என்று நான் விளக்கினேன். வக்கீல் கெட்டிக்காரர். மேசை வேலைக்குக்கூட இந்த மனிதரை நம்பி வைக்க முடியாது, எந்த நாள் வருவார் என்றே சொல்ல முடியாது என்று வாதாடினார். முதலில் மறுத்த அரசு பிறகு ஒத்துக்கொண்டது. கம்பெனி தன் பங்கில் அந்த அளவுக்குக் குறைத்தது. இரண்டையும் சேர்த்து வீட்டுக் கடன் தவணையைத் தடையில்லாமல் கட்ட முடிந்தது. படியே இல்லாத வீடு அது. வெர்லின் சக்கர நாற்காலியிலேயே எல்லா அறைக்கும் போய்வருவான்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கியது. அந்த முதல் நாளில் எங்கள் ஊரில் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். நடக்க முடியாதவர்கள் நிறுத்திய வண்டிக்குள் இருந்தே சுட அனுமதி உண்டு. வெர்லினுக்கு அது நல்ல நாள். என் டிரக்கில் உட்கார்ந்து பெரிய கலைமான் ஒன்றை ஒரே தோட்டாவில் சாய்த்தான். இழுத்து வந்தது நானும் மில் ஆட்கள் மூன்று பேரும்.

சுட்டவன் மானுக்குப் பின்னால் மண்டியிட்டு, கொம்பைப் பிடித்துத் தலையை நிமிர்த்திப் படம் எடுத்துக்கொண்டாக வேண்டும், அது ஊர் வழக்கம். இருக்கையில் உட்கார்ந்தபடி எவனும் எடுப்பதில்லை. அக்குளில் கை கொடுத்து அவனை இறக்கி மண்டியிட வைத்துவிட்டு நாங்கள் விலகினோம். அவன் சிரித்தான். படம் எடுத்ததும் மறுபடி தூக்கினோம். மறுநாளிலிருந்து வெகு நாள் அவனால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அந்தப் படத்தை, வருடாவருடம் எல்லாருடையதையும் போடுவதுபோல, தெருமுனை மது பார்க்காரர் தன் கடைச் சுவரில் ஒட்டினார், இணையத்திலும் போட்டார்.

இரண்டு வருடம் முடிந்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். லோர்னா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டெஷ் சார், மான் வேட்டைக்குப் போனீங்களா?"

"போனேம்மா."

"மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் கொம்பைத் தூக்கியிருக்கீங்க. அப்போ உக்காந்து போன் எடுக்கற வேலை செய்யலாம்னு எங்க டாக்டர் நினைக்கறாரு."

"பக்கத்துல நாலு பேர் இருந்தாங்க."

"படத்துல யாரும் இல்லையே, சார்."

நான் குறுக்கிட்டேன். "மேசை வேலைக்கும் ஆகாதுன்னு வாதாடினது உங்க வக்கீல்தானே?"

"அது அரசாங்கத்தோட விதிப்படி. எங்க பாலிசி வேற, சார்." குரலில் கடுமை இல்லை. அவள் சொன்னது சட்டப்படி சரிதான். அதையும் நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

கம்பெனி பணத்தை நிறுத்தியது. மேல்முறையீடும் தோற்றது. அரசுப் பணத்தில் மருந்தும் சாப்பாடும் நடந்தன, வீட்டுக் கடன் தவணைக்கு மிஞ்சவில்லை. அடுத்த வேட்டையின் முதல் நாளில் வீட்டைக் காலி செய்தோம். நெடுஞ்சாலை ஓரம் டிரெய்லர் வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்திருந்தது. வாசலில் மூன்று படி. அதற்கு மேல் பலகைகளைச் சாய்த்துப் பாதை போட்டிருந்தேன்.

பழைய வீட்டிலிருந்து பெட்டிகளை டிரக்கில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெர்லின் சக்கர நாற்காலியில், மடியில் போர்வையோடு, வாசலில் இருந்தான். எதிர்ப்பக்கம் யாருடையதோ ஒரு கார் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கஸ்," என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டான். "இன்னைக்கு காலு நல்லாருக்கு. காலையில பாத்ரூமுக்கு நடந்தே போனேன்."

"அப்போ எழுந்து வாயேன்டா. அந்த விளக்கையாவது எடு."

"வேணாம். யாராவது படம் எடுத்துட்டா? மிச்சம் இருக்கறது அரசாங்கப் பணம் மட்டும்தான்."

லோர்னா விளக்கைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். அவன் போர்வையை முழங்காலுக்கு மேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டான்.