ஒரு கை வைத்த ஸ்வெட்டர்

1

"கையை நீட்டுங்க" என்றாள் தங்கம்.

ஆரோக்கியநாதன் வலது கையை நீட்டினார். இடது கையில் பேப்பர் இருந்தது. தங்கம் தன் மடியிலிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டரில் அப்போதுதான் பின்னி முடித்திருந்த கையை எடுத்து, அவர் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்து வைத்துப் பார்த்தாள். "சரி, படிங்க" என்றாள். அவர் கையை மடக்கிக்கொண்டு படித்தார்.

அவ்வளவுதான். நவம்பர் மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார்.

இந்தக் கதை எப்படி வந்தது என்று கேட்டால் அந்த நீட்டிய கையைத்தான் காட்ட வேண்டும். ஆரோக்கியநாதன் வேறு யாருமல்ல, நான்தான். பெயரைக்கூட மாற்றவில்லை. முதலில் 'நான்' என்றுதான் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம் வருவதற்குள் மனிதன் மகா நல்லவனாகிவிட்டான். 'அவர்' என்று எழுதினால்தான் நடுநடுவே திட்ட முடிகிறது.

2

கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு. மறைக்க விரும்பவில்லை.

(அ) 'மதுரையில் குளிர்காலம் என்பது டிசம்பர் மாதத்தில் அதிகாலை நாலரை மணி முதல் ஐந்தே கால் வரை' – இதற்குமேல் வாக்கியம் போகவில்லை. குளிர்காலமும் அதற்குமேல் போகாது.

(ஆ) 'தங்கம் ஒரு தேவதை' –

[ஜெஸியின் குறிப்பு: அத்தை இதப் படிச்சா ஊசியாலயே குத்துவாங்க மாமா.]

ஜெஸி என் மருமகள். என் மகன் ஸ்டீவும் அவளும் ஓசூரில் இருக்கிறார்கள். எழுதுகிற பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, சிவப்பில் கிறுக்கித் திருப்பி அனுப்புகிறாள். இரண்டாவது தொடக்கம் செத்தது அவளால்தான். அவள் சொன்னது சரி. தங்கம் தேவதை இல்லை. திருமங்கலத்தில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தையல் டீச்சர். தான் கொடுத்த பரிசைப் போட்டிருக்கிறவரை நடுத்தெருவில் நிறுத்தி, "கழுத்து சரியில்ல, கழட்டுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்து பிரித்துவிடுவாள். அந்த நூல் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேறொருவர் தொப்பியாக வரும். காளவாசலுக்குப் பின்னால் எங்கள் தெருவில், ஒருவர் முதுகில் இருந்தது இன்னொருவர் தலைக்குப் போகாத வீடு இல்லை.

சட்டை, கவுன், தலையணை உறை எல்லாம் தைப்பாள். ஆனால் ஆசை என்னவோ கம்பளிமேல்தான். மதுரையில் கம்பளி! ஆட்டோ ஓட்டும் வீரணன் அவள் கொடுத்த ஸ்வெட்டரை சீட்டுக்கு உறையாகப் போட்டிருந்தான். இட்லிக்கடை பாண்டீஸ்வரி சட்னி மிக்ஸிக்குப் போர்த்தியிருந்தாள். ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர் பேயாண்டி ஒருவர்தான். அவர் காளவாசலில் ஒரு ஏடிஎம்மில் வாட்ச்மேன். பகல் முழுக்க ஏசிக்குள் உட்கார்ந்திருப்பவர். ஊரிலேயே குளிரும் இடம் அது ஒன்றுதான்.

3

இனி அளவு விஷயம். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் புரியாது.

தங்கத்திடம் டேப் கிடையாது. கல்யாணமான முதல் டிசம்பரில் பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்துக் கணவரின் சாணை அளந்தாள். "ஒம்போது அங்குலம். ஒரு நூல் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றாள், ஏதோ பரீட்சையில் தேறியவனிடம் சொல்வதுபோல. அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அளவுகோல் ஆரோக்கியநாதன்தான். வீரணனுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை அவர் சாணில் மூன்று, ஒரு விரல் கூட. பாண்டீஸ்வரிக்கு மூன்று சாணுக்கு மூன்று விரல் குறைவு. பக்கத்து வீட்டு நாகஜோதியின் மகளுக்கு இரண்டரை. பேயாண்டி அச்சு அசல் ஆரோக்கியநாதன் உடம்பு. அவருக்குக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆகவே அவருக்கு மட்டும் அளவுச் சீட்டு எழுத மாட்டாள். (இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முயன்ற வரி.)

"டேப்பு ஒண்ணு வாங்குனா என்னம்மா? கை வலிக்குது."

"டேப்பு ஊரு பூராம் கெடைக்கும். ஒங்க கை கெடைக்குமா? ஆடாம நில்லுங்க."

தைத்து முடித்ததைப் பழுப்புக் காகிதத்தில் மடித்து, காகிதத்தின் நாலு விளிம்பையும் நூலால் தைத்துவிடுவாள். மேலே ஊக்கில் ஒரு சீட்டு. சீட்டில் அளவு மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. "பேரு எதுக்கு? அளவப் பாத்தா ஆளு தெரியாதா?" என்பாள்.

முப்பத்து நான்கு கிறிஸ்துமஸ். ஆரோக்கியநாதனுக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. ஒருமுறை கேட்டார்: "ஊருக்கெல்லாம் தைக்கிறியே, எனக்கு?"

"எல்லாத்தையும் மொதல்ல போட்டுப் பாக்குறது யாரு? நீங்கதான. இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?"

அவர் சிரித்துவிட்டார்.*

* முதல் பிரதியில் அப்படி எழுதினேன். உண்மையில் அவர் சாயங்காலம் வரை பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை, வேலையாக இருந்தாள்.

4

கிறிஸ்துமஸுக்கு ஸ்டீவும் ஜெஸியும் வந்தார்கள். பீரோவுக்கு அடியிலிருந்து ஜெஸி துணிப்பையை இழுத்தாள். உள்ளே தைத்த பொட்டலம் மூன்று. பொட்டலம் கட்டாமல் அந்தச் சாம்பல் ஸ்வெட்டர். ஒரு கை இருந்தது, இன்னொரு கை இல்லை. ஊக்கு குத்தியிருந்தது, சீட்டு இல்லை.

"பிரிச்சுப் பாப்பமா?" என்றாள் ஜெஸி.

"அம்மா தச்சத அவங்கவங்கதான் பிரிக்கணும்" என்றான் ஸ்டீவ். "சீட்டு இருக்குல்ல. நான் கண்டுபிடிச்சுக் கொடுக்குறேன்."

தெருவில் இறங்கி ஒவ்வொருவர் முதுகிலும் சாண் போட ஆரம்பித்தான்.

"என்ன மாப்ள, வாடிவாசல்ல மாட்டத் தடவுற மாதிரி தடவுற?" என்றான் வீரணன்.

"ஆடாம நில்லுங்கண்ணே, அம்மா அளவு."

ஸ்டீவ் அவன் அம்மா வழி, ஆறடி. அவன் சாண் பத்து அங்குலம். ஆகவே அவன் அளந்தபோது தெருவில் எல்லாரும் கொஞ்சம் குட்டையாகிப் போனார்கள். வீரணன் முதுகு பாண்டீஸ்வரியின் சீட்டுக்குப் பொருந்தியது. பாண்டீஸ்வரி நாகஜோதி மகளின் சீட்டுக்குப் பொருந்தினாள். மிஞ்சிய பெரிய பொட்டலத்தை, "வளர்ற பிள்ள, பெருசாத்தான் தச்சிருப்பாங்க" என்று அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, திருப்தியாக வந்து காபி கேட்டான்.

இதெல்லாம் நடக்கும்போது ஆரோக்கியநாதன் தூங்கிக்கொண்டிருந்தார்.

பொய். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. 'சீட்டுல இருக்குறது என் சாணுடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொட்டலங்கள் வீட்டைவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. தப்பாகப் போனால் திரும்பி வரும் அல்லவா?

வந்தன. அரை மணி நேரத்தில் வீரணன் வாசலில் நின்றான். ஊதாப் பூ போட்ட சட்டை, சேலைக்கு மேல் போடுகிற மாதிரி, தொப்புளுக்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். டீச்சரு போகும்போது என்னையப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டுப் போனாங்க?"

பின்னாலேயே பாண்டீஸ்வரி. கையில் மூன்றடுக்கு சுருக்கம் வைத்த ரோஸ் கவுன். "எனக்கு அம்பது வயசு ஆகுதுண்ணே. இதப் போட்டுக்கிட்டு அடுப்புகிட்ட நின்னா, பெறந்த நாளு கேக்குன்னு மெழுகுதிரி குத்திருவாய்ங்க."

அவளுக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே தொங்கும் காக்கிச் சட்டைக்குள் நாகஜோதியின் மகள். அது மட்டும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தது.

முப்பது நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பை ஆரம்பித்தவர் ஆரோக்கியநாதன். கட்டிலிலிருந்து எழுந்து வந்து, சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். பிறகு கையை விரித்து வீரணன் முதுகில் வைத்தார். "மூணு சாண், ஒரு வெரலு. காக்கிச் சட்டை ஒனக்கு. எல்லாரும் மாத்திக்கங்க."

[ஜெஸியின் குறிப்பு: சிரிச்சீங்க, சரி. அப்புறம் பாத்ரூம்ல பத்து நிமிசம் குழாயத் தெறந்து விட்டுட்டு நின்னீங்களே, அது எங்க?]

அது இந்தக் கதையில் இல்லை.

5

மீதி அந்த ஸ்வெட்டர். உண்மையில் கதையே அதுதான். அதைத் தள்ளிப்போடத்தான் காக்கிச் சட்டையை இவ்வளவு நீட்டினேன்.

சீட்டு இல்லை. அப்படியென்றால் கூட்டவும் குறைக்கவும் வேண்டாத உடம்பு. ஆரோக்கியநாதன் அதைப் போட்டுப் பார்த்தார். வலது கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. முப்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு, இந்த முறை கேட்காமலே, ஒன்று. எவ்வளவு நல்ல முடிவு! இதோடு நிறுத்தியிருந்தால் நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.

இருபத்து நான்காம் தேதி காலை பேயாண்டி வந்தார். அவர் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரில் முழங்கை இரண்டும் கிழிந்து, தங்கம் வைத்த ஒட்டும் கிழிந்திருந்தது.

"வாங்க பேயாண்டி."

"சும்மாதான் சார் வந்தேன். டீச்சரு இந்தத் தடவ புதுசு ஒண்ணு போடுறேன்னு சொல்லியிருந்தாங்க. என்ன கலருன்னு கேட்டாங்க. அழுக்குத் தெரியாத கலரா இருந்தாத் தேவலன்னேன்." சட்டென்று கையை ஆட்டினார். "அட, அதுக்கா வந்தேன்? நல்ல நாளு, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சாம்பல். அழுக்குத் தெரியாது.

ஸ்வெட்டர் ஆரோக்கியநாதன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில்தான் கிடந்தது. அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இருக்கான்னு பாக்குறேன்."

இந்த இடத்தில் பத்து நாள் எழுதாமல் இருந்தேன். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவருக்குச் சாதகமாகவும் ஒரு சாட்சி உண்டு: அக்டோபரில் ஒருநாள் தங்கம், "ஒங்களுக்குச் சாம்பல் கலரு பிடிக்குமா?" என்று கேட்டாள். அவர், "எனக்கு எதுவா இருந்தா என்ன" என்றார். அந்தக் கேள்வி அவருக்காகவா, பேயாண்டிக்கு நூல் வாங்கும் முன் ஒரு யோசனையா? கேட்கிற ஆள் இல்லை.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அவர் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஏடிஎம்முக்குப் போய்க் கொடுத்துவிடுகிறார். பேயாண்டி போட்டுப் பார்க்கிறார். "சார், இந்த ஒத்தக் கையோட நான் இங்க நின்னா, இன்னொரு கைய எவனோ களவாண்டுட்டான்னுல்ல பேசுவாய்ங்க. சொந்தச் சட்டையவே காக்கத் தெரியாதவன் ஏடிஎம்ம எங்கிட்டுக் காப்பான்?" இருவரும் சிரிக்கிறார்கள். வீடு திரும்பும் வழியில் ஆரோக்கியநாதன் காலிப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார்.

இரண்டாம் முடிவு: அவரே வைத்துக்கொள்கிறார். ஃபேனைப் போட்டு, அதற்கு அடியில் ஒரு கை வைத்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நெற்றி வியர்க்கிறது, கழுத்து வியர்க்கிறது. (கண்ணும் வியர்த்தது என்று எழுதி அடித்துவிட்டேன்.)

இரண்டையும் படித்துவிட்டு ஜெஸி குறிப்பு எழுதவில்லை. பொங்கலுக்கு நேரில் வந்துவிட்டாள்.

"மாமா, மொதல்ல பேயாண்டி அண்ணனக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். வந்தவரிடம் ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினார். "அன்னைக்கு இது என் முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. மறைச்சுட்டேன்" என்றார்.

பேயாண்டி அதைத் தடவிப் பார்த்தார். "தெரியும் சார். நீங்க அம்புட்டு நிமிந்து ஒக்காந்து நான் பாத்ததே இல்ல."

"நீங்க எடுத்துக்கங்க."

"ஒங்களுக்குப் போட்டதா இருந்தா? டீச்சரு கனவுல வந்து கழட்டச் சொல்லுவாங்க. நீங்களே வச்சுக்கங்க."

"ஒங்களுக்குன்னா?"

"இருக்கட்டும் சார். ஒங்ககிட்ட இருந்தா என்ன, எங்கிட்ட இருந்தா என்ன?"

"அது எப்படி?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் ஜெஸி. ஓசூரிலிருந்து ஊசியும் அதே சாம்பலில் ஒரு நூல் உருண்டையும் கொண்டு வந்திருந்தாள். மூன்று வாரமாகப் போனில் பார்த்துப் பின்னப் பழகியிருக்கிறாளாம். "மொதல்ல இன்னொரு கை வேணும். யாருக்குன்னு பெறகு சண்ட போட்டுக்கங்க. யாருக்குன்னாலும் அளவு ஒண்ணுதான?"

"டேப்பு இருக்கா?" என்றார் பேயாண்டி.

"எதுக்கு?" என்றவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "மாமா, கையை நீட்டுங்க."

ஆரோக்கியநாதன் இடது கையை நீட்டினார். இந்த முறை கையில் பேப்பர் இல்லை.

7

ஜெஸிக்குக் கை வேகம் போதாது. ஒரு வரிசை பின்னி, இரண்டு வரிசை பிரிக்கிறாள். அடுத்த டிசம்பருக்குள் முடிந்துவிடும் என்கிறாள். அதுவரை ஸ்வெட்டர் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். பேயாண்டியிடம் மட்டும் சொல்ல வேண்டாம், என்னிடமும்.

இன்று காலை ஜெஸி போன் செய்து, அளவு ஒன்று சரிபார்க்க வேண்டும் என்றாள். தங்கத்தின் பள்ளிக்கூடத்து ஸ்கேலைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்து, பக்கத்தில் கையை விரித்தேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒன்பது அங்குலம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.