மிச்ச நிமிஷம்

"இந்தப் பொண்ணு எங்களைத் திட்டறாளான்னு பாம்பேல கேக்கறா" என்றார் மேனேஜர் வெங்கட்ரமணன்.

திங்கட்கிழமை காலை. டெலிபோன் போர்டில் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மாயக்காள் ஹெட்போனைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு எழுந்தாள். வயரின் நீளம் போதவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"நான் யாரையும் திட்டலங்க சார்."

"தெரியும்மா. திட்டற அளவுக்கு உனக்கு இங்கிலீஷ் வராது." அவர் சிரிக்கவில்லை. "வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருக்காம். கேட்டா மட்டும் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசற மாதிரி இருக்காம். ஜானு இனிமே வரலைன்னு எழுதிக் குடுத்துட்டா. உன்னை இந்த எடத்துல நிரந்தரமா வச்சுக்கறதா, வேற ஆளைப் பாக்கறதான்னு அடுத்த திங்கக்கிழமை நான் பாம்பேக்கு எழுதியாகணும். ஒரு வாரம் இருக்கு. பாத்துக்கோ."

மதுரை காளவாசலில் இருந்த அந்த நூல் கம்பெனி ஆபீசுக்கு மாயக்காள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஜானு பிரசவத்துக்குப் போன இடம். பேரையூருக்கு மேற்கே மிளகாயும் பருத்தியும் விளையும் கரிசல் காட்டிலிருந்து, எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்த கையோடு வந்து, அரசரடியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். "வேலை நெலையாச்சுன்னா இரு. இல்லேன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரு. பழமெடுக்க ஆள் இல்லாம மொளகா செடியிலயே காயுது" என்று சொல்லித்தான் அப்பா சிவனாண்டி அவளை பஸ் ஏற்றிவிட்டார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். சாதாரணமாகச் சொன்னதால்தான் அது நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

போர்டின் ஓரத்தில் ஜானு ஒட்டிவைத்துவிட்டுப் போன அட்டை இருந்தது. காலையில் என்ன சொல்வது, பெயரை எப்படிக் கேட்பது, காத்திருக்க எப்படிச் சொல்வது, ஆள் இல்லையென்றால் என்ன சொல்வது என்று நான்கு வாக்கியங்கள். நான்கு மாதமாக அதில் ஒரு எழுத்துகூட மாற்றாமல்தான் மாயக்காள் பேசிவந்தாள். அதே வார்த்தைகளை ஜானு சொன்னபோது பம்பாயில் சிரித்தார்கள். இவள் சொன்னால் திட்டாக இருக்கிறதாம். ஊரில் அவள் அம்மா முத்துத்தாய் வாசலில் "வாங்க" என்று சொல்வதை வைத்தே, வந்தவருக்குக் காபியா வெறும் தண்ணீரா என்று அடுப்படியிலிருக்கும் மாயக்காளுக்குத் தெரிந்துவிடும். சொல் ஒன்றுதான். அதை எங்கே இழுக்கிறாள், எங்கே வெட்டுகிறாள் என்பதில் இருக்கிறது எல்லாம். இங்கிலீஷ்காரர்கள் அதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு வரி வாசிப்பார், அறுபது பேரும் சேர்ந்து திருப்பி வாசிப்பார்கள். அறுபது தொண்டைகள் ஒன்றாகச் சேரும்போது மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எல்லா வார்த்தையும் பட்டாளத்து ஆட்கள் மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும்.

பியூன் காசிமாயன் டீ கொண்டுவந்து வைத்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும்.

"ஏத்தா, நானும் தெனம் கேக்கத்தான செய்யிறேன். கோர்ட்ல டவாலி பேரு கூப்புடுறாப்லதான் இருக்கு. நீ மூணு தடவ குட்மார்னிங் சொன்னா நானே ஓடிப்போயி கூண்டுல ஏறிருவேன்."

"போங்கண்ணே, நானே வெந்துக்கிட்டு இருக்கேன்."

"வேகாத தாயி. டீயக் குடி."

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது அவளுக்கு ஒரு வழி தோன்றியது. சித்தப்பாவிடம் ரேடியோ இருந்தது. அதில் காலை எட்டு மணிக்கு மேல் தில்லியிலிருந்து இங்கிலீஷ் செய்தி வரும். இங்கிலீஷ் எப்படிப் பேசவேண்டும் என்று தில்லி ரேடியோக்காரர்களை விட யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை சாதம் வடித்த பானையை அப்படியே விட்டுவிட்டு ரேடியோவின் பக்கத்தில் போய் நின்றாள். அதற்கு முன்னால் அவள் இங்கிலீஷ் செய்தி கேட்டதே இல்லை.

அது துக்க வாரம். தில்லியில் ஒரு பெரிய தலைவர் இறந்துபோய், ஏழு நாள் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட்டிருந்தார்கள். "ரெண்டு நாளா ஒரு பாட்டுக் கெடையாது, சும்மா வீணையப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்கான்" என்று சித்தி அலுத்துக்கொண்டாள். தலைவர் இறந்தது மாயக்காளுக்கும் தெரியும். ஆனால் செய்தி வாசிப்பவர் அதற்காகவே குரலைத் தாழ்த்தி வாசிக்கிறார் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனை நிதானம், எத்தனை மரியாதை என்றுதான் நினைத்தாள். ஒவ்வொரு வாக்கியமும் நடுவில் கொஞ்சம் கனத்து, முடிவில் மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தது. பிறகு ஒரு இடைவெளி. அடுத்த வாக்கியம் அவசரமே இல்லாமல் எழுந்து வந்தது. மாயக்காள் ஜானுவின் நான்கு வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதி, அவற்றின் தலைமேல் பென்சிலால் ஏற்றமும் இறக்கமுமாகக் கோடு போட்டாள். இடைவெளிக்கு ஒரு வட்டம். குளிக்கும்போது அதைச் சொன்னாள், ஆபீசுக்கு நடந்துபோகும்போது சொன்னாள்.

புதன்கிழமையிலிருந்து போர்டில் அந்தக் குரல்தான். பம்பாயிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. சொல்லப்போனால் அவர்கள் இவளிடம் கொஞ்சம் தணிந்தே பேசினார்கள். மேனேஜர் அந்தப் பக்கம் போனவர் நின்று கேட்டுவிட்டு, "பேஷ். இப்பத்தான் ஒரு கௌரவம் வந்திருக்கு" என்றார். அன்று மத்தியானம் மாயக்காள் நான்கு மாதத்தில் முதல்முறையாகச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காசிமாயன் டம்ளர் எடுக்க வந்தவர், அவள் பேசி முடிக்கும் வரைக்கும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"யாருத்தா செத்துப்போனது?"

"யாரும் சாகலண்ணே. பருத்தி வெல கேட்டாக, சொன்னேன்."

"வெல சொல்றதுக்கா இம்புட்டுத் துக்கம்?"

"ஒங்களுக்கு இங்கிலீசு தெரியாதுண்ணே."

"அதுஞ் சரிதான்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. காலை பதினொரு மணிக்கு பம்பாய் தலைமை ஆபீசிலிருந்து டைரக்டர் டிரங்க் காலில் மேனேஜரோடு பேசுவார். ஒரு கால் என்பது மூன்று நிமிஷம். டைரக்டர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் யாரிடமும் பேசமாட்டார். மிச்சமிருக்கும் நேரம் வீணாகப் போகாமல், பம்பாய் போர்டில் இருப்பவளும் ஜானுவும், ஜானு போனபின் மாயக்காளும், அதை அகிலாண்டத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அகிலாண்டம் இங்கே அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஹாலாஸ்யத்தின் ஒரே மகள். அம்மா இல்லாத பெண். பம்பாய் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தாள். வாரத்துக்கு ஒரு முறை அப்பாவின் குரலை முக்கால் நிமிஷமோ அரை நிமிஷமோ கேட்பாள். மேனேஜருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

போன வாரம் ஹாலாஸ்யத்துக்கு ஆபீசிலேயே நெஞ்சு வலித்து, இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். வாயுத் தொந்தரவுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் யாரோ அதை பம்பாய்க்குச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது ஹாலாஸ்யம் மாயக்காளிடம் வந்தார்.

"நாளைக்கு நான் லீவும்மா. கண்ணாடிக்கு பவர் மாத்தணும். கண்ணுல மருந்து விட்டுட்டான்னா பொழுது சாயற வரைக்கும் யானை நின்னாலும் தெரியாது. அகிலா வந்தா சொல்லிடறியா? இல்லாட்டா அது என்னவோ ஏதோன்னு பயந்துக்கும்."

"சொல்லிர்றேன் சார்."

போர்டில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை பேசக்கூடாது என்பது கம்பெனி சட்டம். அதனால் இரவு அதற்கான இரண்டு இங்கிலீஷ் வாக்கியங்களைத் தயார் செய்தாள். ஹாலாஸ்யம் இன்று இங்கே இல்லை என்பது ஒன்று. கண்ணாடி மாற்ற கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் மேலே கோடு போட்டாள். நடுவில் ஒரு வட்டம்.

மறுநாள் டைரக்டர் வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாகவே பேசினார். அவர் வைத்ததும் பம்பாய் போர்டின் குரல் வந்தது. "மதுரை, இருபது செகண்ட்" என்றது. அவள் பெயர் மாயக்காளுக்குத் தெரியாது. இவள் மதுரை, அவள் பம்பாய், அவ்வளவுதான். உடனே இன்னொரு குரல், இளைத்த குரல், அப்பாவிடம் பேசவேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டது. மாயக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐ ஆம் சாரி" என்றாள். அது மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தது. "மிஸ்டர் ஹாலாஸ்யம்..." அந்த இடத்தில் கொஞ்சம் கனம். "இஸ் நாட் ஹியர் டுடே."

பிறகு வட்டம் போட்ட இடத்தில் இடைவெளி விட்டாள்.

அந்த இடைவெளிக்குள் ஒரு மூச்சு கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. "அப்பா" என்றது அந்தக் குரல், கூப்பிடுகிற மாதிரி இல்லாமல். ரிசீவர் எதன் மேலோ மோதி விழுந்தது. மூன்று நிமிஷம் முடிந்த சத்தம் பீப் பீப்பென்று வந்து லைன் அறுந்தது. இரண்டாவது வாக்கியம் மாயக்காளின் வாய்க்குள்ளேயே நின்றது.

அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். அதற்கு எந்த பாஷையும் வேண்டியதில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து தான் சொன்னதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப்பார்த்தாள். வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் சொல்லிப்பார்த்தாள். யாருத்தா செத்துப்போனது? காசிமாயன் அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால்தான் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது.

லைட்னிங் கால் என்று ஒன்று உண்டு. மற்ற கால்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பல மடங்கு கட்டணத்துக்கு, உடனே கொடுப்பார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அதை புக் செய்யவே கூடாது. மேனேஜர் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவர் முன்னால் போய் நின்று எதை எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? எழுந்திருந்தவள் திரும்ப உட்கார்ந்து, பிளக்கை எடுத்துச் சொருகினாள். "பாம்பே. லைட்னிங்" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொன்னாள். சொல்லும்போதே மிளகாய்க் காடு கண்ணுக்கு முன்னால் சிவப்பாக வந்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டாள்.

பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

"மதுரையா?" பம்பாய் படபடவென்று இங்கிலீஷில் கொட்டினாள். அகிலா பையை எடுத்துக்கொண்டு இப்போதுதான் இறங்கிப் போனாள், ஸ்டேஷனுக்கு, கிடைக்கிற ரயிலில் ஏறப்போகிறாள், நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, எப்போது நடந்தது, காலையிலா என்று கேட்டாள். அவளும் நம்பிவிட்டிருந்தாள்.

மாயக்காள் தயார் செய்த வாக்கியம் எதுவும் வாயில் இல்லை.

"நோ!" என்றாள். போதவில்லை. "நோ, நோ, நோ!" ஒவ்வொரு 'நோ'வும் முன்னதைவிட மேலே போனது. "ஹி... ஐ ஹாஸ்பிடல்..."

"ஹாஸ்பிடல்?" பம்பாயின் குரல் நடுங்கியது.

ஐயோ, இது அதைவிட மோசமாகப் போகிறதே. கண்ணாடிக்கு என்ன வார்த்தை? ராத்திரி எழுதினோமே. மேஜை மேல் தாளைத் தேடியது கை. தாள் கிடைக்கவில்லை, வார்த்தை வந்துவிட்டது.

"ஸ்பெக்டகிள்ஸ்!" என்று கத்தினாள். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு கீழ்க்காட்டில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் அது. ஆபீசில் டைப்ரைட்டர்கள் நின்றன. "ஒன்லி ஸ்பெக்டகிள்ஸ்! ஹி ஃபைன்! ஹி கோ... நியூ ஸ்பெக்டகிள்ஸ்!" சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து குரல் இரண்டாகப் பிளந்தது.

பம்பாய், "ஸ்பெக்டகிள்ஸ்?" என்றாள். கடைசி எழுத்தில் குரல் துள்ளி மேலே போனது. "ஓ மதுரை! ஓ மை காட்! கட் பண்ணாதே, லைனைப் பிடித்துக்கொண்டே இரு" என்று இங்கிலீஷில் கூவினாள். நாற்காலி உருண்டது. போர்டை விட்டு எழுந்து போகவே கூடாத பெண் எழுந்து ஓடுவதை, செருப்புச் சத்தம் தடதடவென்று படியிறங்கித் தேய்வதை, மாயக்காள் எண்ணூறு மைலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"யாரைக் கேட்டுண்டு லைட்னிங் போட்டே?" என்றார் வெங்கட்ரமணன்.

மாயக்காள் திரும்பவில்லை. பேசாதீர்கள் என்று ஒரு கையை மட்டும் தூக்கினாள். அதுவரை அவள் அவர் முன்னால் கை தூக்கியது கிடையாது. அவர் நின்றுவிட்டார். கதவுப் பக்கம் காசிமாயன் காலித் தட்டோடு நின்றிருந்தார்.

எக்ஸ்சேஞ்சுக்காரி குறுக்கே வந்தாள். மூன்று நிமிஷம் முடியப்போகிறது, நீட்டிக்கவா?

மாயக்காள் அப்போதுதான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்தார், அடுத்த மேஜையில் ஹாலாஸ்யத்தின் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

'ம்' என்பதைப் பத்து விதமாகச் சொல்லலாம். திங்கட்கிழமை அவர் பம்பாய்க்கு என்ன எழுதுவார் என்பது அதற்குள் எங்கோ இருந்தது. அதைத் தேட அவளுக்கு இப்போது நேரமில்லை. "எக்ஸ்டென்ட்" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவிட்டு ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம், ஆளில்லாத போர்டின் மேலே ஒரு மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றியது. தெருவில் டாக்ஸி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்கோ ஒரு கதவு திறந்தது. அப்புறம் படியில் காலடிச் சத்தம். மெதுவாக, நின்று நின்று ஏறி வந்தது. அது பம்பாய் மட்டும்தானா, அகிலாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வரும் பம்பாயா என்று மாயக்காள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.