ஹீட்டருக்கு ஒரு தேக்குக் கதவு

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னல் நீச்சல் குளத்து ஹீட்டருக்கு நேர் மேலே அமைந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கல்வெட்டு என்று பட்டப்பெயர். குப்பைத்தொட்டி வாங்கிப் போட்டாலும் தன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றை அதில் பதித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பதினைந்து வருஷத்து கேஸ் ஹீட்டர் துருப்பிடித்து நிற்பது வருகிறவர் போகிறவர் கண்ணை உறுத்துகிறதாம். சுற்றிலும் சுவர் எழுப்பி, கூரை போட்டு, தேக்கில் கதவு மாட்டினார். கதவின் நடுவில் தகடு. அதற்கு ரிப்பன் வேறு வெட்டினார். நானும் நின்று கைதட்டினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரத்திலிருந்து ஹீட்டர் எரிந்த பத்தாவது நிமிடமே அணைந்தது.

மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இரண்டாம் மாடி டீச்சருக்குத்தான் இடி. மூட்டு ஆபரேஷன் முடிந்து வந்தவர். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்தாக வேண்டும், இந்த ஆறு வாரத்துக்குள் கால் மடங்காவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். குளிர்ந்த தண்ணீரில் ஒரு படி இறங்குவார், கால் பிடித்துக்கொள்ளும், துண்டைப் போர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். இதை நான் மேலேயிருந்து தினமும் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் வந்தார். பர்னர் குழாய்களைக் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கரியெடுத்தார். தீப்பொறி வைக்கும் பாகம் விரிசல் விட்டிருந்தது, புதிது மாட்டினார். நீலமாக எரிந்தது. கல்வெட்டு கதவைப் பூட்டினார். மறுநாள் பழைய கதைதான்.

அடுத்த வாரம் மறுபடி திறந்த மெக்கானிக், குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் போன வாரம் தேய்ச்ச குழாயா இது? சார், இதுக்கு மூச்சு முட்டுது. புகை போக மேல குழாய் விட்டிருக்கீங்க, காத்து வர எங்க வழி விட்டீங்க? கதவைக் கழட்டுங்க."

"உன் வேலை சரியில்லைன்னா என் கதவு மேல ஏன்யா பழி போடுற?"

"கதவு நல்ல கதவு சார். வீட்டுக்கு மாட்டுங்க."

அன்று சாயங்காலமே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கல்வெட்டின் செய்தி வந்தது. மெக்கானிக் போலிப் பாகம் போட்டு ஏமாற்றுகிறாராம், ஹீட்டருக்கும் வயதாகிவிட்டதாம், ஆகவே வெந்நீர் நிரந்தரமாக நிறுத்தமாம். டீச்சருக்கு மிச்சம் இருந்தது மூன்று வாரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்கிற ஆள் இல்லை நான். மாடிக்கு ஒருவரிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் குளத்தருகே என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் நின்றோம். மெக்கானிக்கை வரவழைத்திருந்தார் டீச்சர். மூன்றாம் முறையாகக் கரியெடுத்து, கதவைத் திறந்து வைத்தே பற்றவைத்தார். அரை மணி நேரம் சீராக எரிந்தது.

"இப்ப நீங்களே சாத்துங்க சார்."

கல்வெட்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வந்த சத்தம் இருமல் போல மாறியது. எட்டாவது நிமிடம் டப்பென்று நின்றது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார் மெக்கானிக். வந்த நாற்றத்தில் என் முந்தானை மூக்குக்குப் போனது.

"இது மூச்சுல போனா ஆளே விழுந்துடுவாங்க. தானா அணையுதே, அது கோளாறு இல்ல சார். அதுக்கு இருக்கிற புத்தி."

அப்போதும் கல்வெட்டு விடவில்லை. "கதவுல ஒரு குறையும் இல்ல. இந்த ஹீட்டர்தான் கதவுக்குப் பொருந்தல."

இப்படி ஒரு வாயை நான் பார்த்ததே இல்லை. டீச்சர் மட்டும் குரலை உயர்த்தவில்லை. "என் காலுக்கும் அந்தக் கதவு பொருந்தல தம்பி," என்றவர் மெக்கானிக்கிடம் திரும்பி, "கழட்டுப்பா" என்றார். பதினோரு பேரில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. நாலு திருகாணி, அவ்வளவுதான்.

"தேக்காச்சே, என்ன பண்றது?" என்று கல்வெட்டு முனகினார்.

டீச்சருக்கு உட்கார்ந்து முட்டியில் பட்டை மாட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. இரண்டு சிமென்ட் கல்லை வைத்து, கதவைப் படுக்கப் போட்டுப் பெஞ்சு ஆக்கினார் மெக்கானிக்.

"எந்தப் பக்கம்மா மேல வரணும்?"

"உக்கார்ற பக்கம் வழவழன்னு இருக்கணும்ப்பா. குத்தக் கூடாது."

தகடு தரையைப் பார்த்துப் போனது. இன்று காலை டீச்சர் குளத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து திரும்பினார். கால் எவ்வளவு மடங்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஜன்னலை எப்போதாவது திறந்துதானே ஆக வேண்டும்.