உறுமிப் பாட்டின் மேல் விழுந்த பழி

பாத்திமா லேப்டாப்பில் வைரஸ் ஸ்கேனை ஓடவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். கிள்ளானில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய சின்ன கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. எதிரே மாதவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு; லேப்டாப்பும் கம்பெனியுடையது. நாளைக் காலைக்குள் அதில் சத்தம் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"எல்லாம் இவராலதான்க்கா. காவடிக்கு உறுமிப் பாட்டு வேணும்னு எந்த வெப்சைட்லயோ போயி டவுன்லோட் பண்ணாரு. அதுலேந்து ஸ்பீக்கர் ஊமையாயிருச்சு."

அவள் கணவன் லோகன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரியை விட்டுவிட்டு நேராக வந்திருந்தான். கண்ணெல்லாம் தூக்கம்.

"முருகன் பாட்டுல வைரஸ் இருக்கும்னு யாருக்குத் தெரியும் லா?"

"முருகன ஏன் இழுக்குறீங்க? ஒங்க கைதான க்ளிக் பண்ணுச்சு?"

பாத்திமா சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தாள். பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த குப்பை கொஞ்சம் அகப்பட்டது, அழித்தாள். சத்தம் வரவில்லை. சவுண்ட் டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினாள். லேப்டாப் 'டிங்' என்றது. மாதவி சட்டென்று லோகனின் கையைப் பிடித்தாள். பிடித்த கை விடுமுன்பே சத்தம் பழையபடி அடங்கிப்போனது.

உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவந்த பாத்திமா ஓரிடத்தில் நின்றாள்.

"இதுதான்மா. ஸ்பீக்கர், மைக் ரெண்டையும் யாருக்கும் விடாம புடிச்சு வச்சிருக்கு. வைரஸ் இல்ல, ஒங்க கம்பெனி போட்டது. புதுசா அப்டேட் வந்திருக்கு."

"எதுக்குக்கா அது?"

"ஒட்டுக் கேக்கறதுக்குத்தான். கால் வந்தாலும் வராட்டியும், லேப்டாப் தெறந்திருந்தா வீட்ல பேசறதெல்லாம் அவங்களுக்குப் போவும்."

"அப்ப நான் இல்ல," என்று லோகன் நிமிர்ந்தான். "அக்கா, அன்னிலேந்து இவ குடுக்கிற டீயில சீனியே இல்ல."

"இருங்க, பேசாதீங்க," என்றாள் மாதவி. குரலில் கோபம் இல்லை.

"எடுத்துரவா?" என்று கேட்டாள் பாத்திமா.

"எடுத்தா அவங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஒடனே தெரியும்."

மாதவி கணவனைப் பார்த்தாள். அவன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. சத்தம் மட்டும் வரட்டும்," என்றாள் மாதவி.

ஸ்பீக்கரை அது தனக்கே வைத்துக்கொள்ள விட்டிருந்த 'டிக்'கை பாத்திமா செட்டிங்கில் எடுத்துவிட்டாள். சத்தம் வந்தது. ஒட்டுக் கேட்பது மட்டும் கேட்டபடியே இருந்தது.

மறுநாள் காலை, இரவு லோரி ஓட்டம் முடித்து வந்த லோகன், பிளாட் வாசலுக்கு வெளியே நடைபாதையில், கழற்றிவைத்த செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றபடி தோசை தின்றுகொண்டிருந்தான். தலையில் ஹெட்செட்டோடு மாதவி வந்து இன்னொரு தோசையைத் தட்டில் வைத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் உதட்டில் விரலை வைத்து, ஒரு கணம் அப்படியே நின்றாள். உள்ளே திறந்திருந்த லேப்டாப்பில் அழைப்பு வந்தது. ஓடினாள்.

"குட் மார்னிங், ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?"

அவன் தட்டு நடைபாதைக் கம்பியில் இடித்துச் சத்தம் போடாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல மென்றான்.